புறங்கையால் தொட்டுப் பார்ப்பவர்

அக்கா எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். லிஃப்ட் கதவு, சோற்றுக் குக்கரின் பிளக், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கன்னம், என் காடியின் பானெட் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். விரல்களை மடக்கி, பட்டும் படாமலும் இரண்டு விநாடி வைப்பார். பிறகு தீர்ப்பு. "இது தாங்கும்." அல்லது, "இது ரொம்ப நாளு வராது." எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதாகி நிற்பதற்கு முதல் நாளே அக்கா படியில் ஏறிப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆயர் ஈத்தாமில் அவர் ஏழாம் மாடி, நான் ஆறாம் மாடி. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் சூட்டறையில் வேலை பார்த்தவர். செய்து முடித்த சிப்புகளை அடுப்பு மாதிரிப் பெட்டிகளில் அடுக்கி மணிக்கணக்காகச் சூடேற்றுவார்களாம், எது தாங்கும், எது சாகும் என்று பார்க்க. அந்தப் பெட்டிகளின் மீட்டரைக் கண்காணிப்பதுதான் அக்காவின் வேலை. வேலையை விட்டு வந்தார், கண்காணிப்பதை விடவில்லை. பெட்டிகளுக்குப் பதிலாக நாங்கள் கிடைத்தோம்.

இடது மணிக்கட்டுக்கு மேலே ஸ்பூன் அளவுக்கு ஒரு தீத்தழும்பு இருந்தது. "பச்சை குத்துனதாக்கா? டிசைன் சரியில்லையே" என்று ஒருமுறை கேட்டு வைத்தேன். அக்கா சிரிக்கவில்லை. "மீட்டர் நாப்பதுன்னு சொல்லுச்சு" என்றார். அதோடு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். நான் அடுத்த ஜோக்குக்குப் போய்விட்டேன். எனக்கு எப்போதும் அடுத்த ஜோக் தயாராக இருக்கும். கேட்பவர்கள்தான் தயாராக இருப்பதில்லை.

ஒருமுறை குடியிருப்பாளர் கூட்டத்தில் வண்டி நிறுத்தும் இடத்துக்காக ஒருவரோடு கத்திக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து வந்து, நாற்பது பேர் பார்க்க, என் நெற்றியில் புறங்கையை வைத்தார். "சூடா இருக்க தம்பி. பத்து நிமிஷம் வாயத் தொறக்காத." கூட்டம் சிரித்தது. நானும் அடங்கிப்போய் உட்கார்ந்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் கோபம் போய்விட்டது. வண்டி நிறுத்தும் இடமும் போய்விட்டது. அந்த ஆள் அதற்குள் கீழே இறங்கிப்போய் என் இடத்தில் தன் காடியை விட்டிருந்தான்.

இனி என் ஃபோர் வீலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாற்பது வயதில் சிலருக்குப் பக்தி வரும், சிலர் ஓடத் தொடங்குவார்கள். எனக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் ஃபோர் வீல் வந்தது. ஆட்டோ கியர். என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது, இருமல் மட்டும் என்னைவிட அதிகம். அப்போது பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். அந்த மலையேறும் வண்டி என் கையில் ஏறிய மிகப் பெரிய மேடு, ஃபெர்ரிக்குள் போகும் இரும்புப் பலகை.

மேடு இருந்தது அக்காவிடம். அணைக்கட்டுக்கு மேலே மலைச் சரிவில் ஒரு டுரியான் கெபுனை, பழத்தோட்டத்தை, அவரும் அவருடைய தம்பியும் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். தம்பியை அக்கா 'சின்னவன்' என்பார். சின்னவர் காய்க்கிற பருவம் முழுக்க அங்கேயே ஒரு பொண்டோக் குடிசையில் தங்கி, தோட்டத்துக்குக் காவல் இருப்பார். கெபுனுக்குப் போவது ஒரு வண்டி மட்டும் போகிற சிமெண்டுப் பாதை. அக்காவின் பழைய வேன் அதில் ஏறாது. ஆகவே ஒரு ஏற்பாடு: வாரக் கடைசியில் வண்டி அக்காவுக்கு, பழம் எனக்கு.

முதல் தடவை நான்தான் ஓட்டினேன். மூன்றாவது வளைவில் சீனி கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது.

"நிப்பாட்டு தம்பி."

"முள்ளு நடுவுலதான்கா நிக்குது. பாருங்க."

"அது எஞ்சின் தண்ணியோட சூடு லா. கியர்பாக்ஸ்கிட்ட யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லைதான். ஆட்டோ கியரில் எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதே எண்ணெய். செங்குத்தான மேட்டில், சுமையோடு, மெதுவாக ஏறும்போது அந்த எண்ணெய் உள்ளே கடைபட்டுக் கடைபட்டுக் கொதிக்கும். பழைய வண்டியில் அதைச் சொல்ல ஒரு முள்ளும் கிடையாது. எண்ணெய் கெட்டால் கியர்பாக்ஸ் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. இதையெல்லாம் வண்டி விற்றவன் சொல்லவில்லை. அவன் சொன்னது, சீட்டுக்குப் புது உறை போட்டிருக்கிறேன் என்பது.

அடுத்த வாரமே அக்கா லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு கையடக்க மீட்டரையும், சூட்டை உணரும் வயரையும் பிடித்துவிட்டார். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் பக்கம் இரண்டு குழாய்களைக் காட்டினார். ஒன்றில் கியர்பாக்ஸிலிருந்து சூடான எண்ணெய் வரும். மற்றதில் ஆறின எண்ணெய் திரும்பிப் போகும். வயரின் நுனியைச் சூடான குழாயில் வைத்துச் செம்புக் கம்பியால் கட்டினார். மீட்டர் டேஷ்போர்டில் உட்கார்ந்தது. நூற்றுப் பதினைந்து டிகிரியைத் தாண்டினால் கத்தும்.

"எங்க சிப்பு நூத்தி இருவத்தஞ்சுல ராத்திரி பகலா கெடக்கும், தாங்கிக்கும், தாஹான் பண்ணும்" என்றார். "எண்ணெய் பண்ணாது."

அதற்குப் பிறகு மலையில் ஓட்டுவது அக்கா, மீட்டர் பார்ப்பது நான். அடிவாரத்திலேயே ஃபோர் வீலின் சின்னக் கியரைப் போட்டுவிடுவார். லீவர் 'எல்' எழுத்தில், ஆக அடிக் கியரில். டி-யில் விட்டால் அது ஒவ்வொரு மேட்டுக்கும் கியரை மாற்றி மாற்றித் தானே தன்னைக் கொதிக்க வைக்கும் என்பார். ஏழு வளைவில் இரண்டு இடத்தில் கட்டாயம் நிற்க வேண்டும். நின்றால் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பின் சக்கரத்துக்கு ஒரு கல். எஞ்சினை மட்டும் அணைக்கவே விடமாட்டார். "அணைச்சா பம்பு நிக்கும். பம்பு நின்னா எண்ணெய் நின்ன எடத்துலயே வேகும்." ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாக அழுத்திப் பிடித்தபடி பிளாஸ்கைத் திறப்பார். உள்ளே தேநீர், ஏற்கெனவே வீட்டில் ஆற வைத்துக் கொண்டுவந்தது. பிளாஸ்கில் ஆறின தேநீர் எடுத்துவரும் ஒரே மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன்.

என்னால் அந்த நிற்பதைத் தாங்க முடியவில்லை. அந்த மீட்டரின் கத்தலையும். வால் மிதிபட்ட பூனை மாதிரி ஒரு சத்தம். நானே காசு போட்டு, உடைத்த வண்டிகளின் உதிரிச் சாமான் கடையிலிருந்து கூடுதலாக ஒரு கூலர் வாங்கி முன்னால் மாட்டினேன். அப்போதும் கத்தியது, கொஞ்சம் தாமதமாக.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். அலுவலக நண்பர்கள் நான்கு பேரை ஒரு சனிக்கிழமை கெபுனுக்குப் பழம் தின்னக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். நான்கு பேரும் என் வண்டியை 'கிளினிக்' என்பவர்கள். ஏறுகிற வழியில் பூனை கத்தி, நான் இறங்கிக் கல் வைத்தால் அடுத்த பத்து வருடத்துக்குப் பேசுவார்கள். ஆகவே முதல் நாள் சாயங்காலம் செம்புக் கம்பியை அவிழ்த்து, வயரின் நுனியை ஆறின குழாய்க்கு மாற்றிக் கட்டினேன். சோதித்தும் பார்த்தேன். அணைக்கட்டுச் சாலையில் ஒரே சூட்டில், சூடான குழாய் நூற்றுப் பதினெட்டு, ஆறினது எண்பத்து நான்கு. பூனை வாயடைத்தது. சனிக்கிழமை நண்பர்கள் என் தோளில் தட்டினார்கள். வண்டி அன்று தப்பித்தது எப்படி என்று எனக்கு இன்றும் தெரியாது.

திரும்ப மாற்றிக் கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த வாரம் அக்கா ஏறி உட்கார்ந்து, இரண்டாவது வளைவில் மீட்டரைப் பார்த்தார். எண்பத்து ஆறு. முகம் அப்படியே விரிந்தது.

"பாத்தியா தம்பி! உன் கூலர் வேலை செய்யுது! நல்ல சாமான் வாங்கியிருக்க நீ."

அக்கா என்னைப் பாராட்டிய முதல் தடவை அது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பழக்கத்தில் அவர் நிற்கிற இரண்டு இடத்திலும் நின்றார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரம் போனது. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் வாயெடுப்பேன். வந்தது என்னவோ வேறு ஏதாவது ஜோக்.

ஒரு பொது விடுமுறை நாள், காலை பதினொரு மணி இருக்கும். என் கதவு தட்டப்படவில்லை, அறையப்பட்டது. திறந்தால் அக்கா, காலில் செருப்பில்லை.

"சாவி குடு. சின்னவனுக்குக் கால்ல வெட்டு. புல்லு வெட்டுற மெஷின் பிளேடு."

பக்கத்து கெபுனின் சீன அங்கிள் போனில் கூப்பிட்டிருந்தார். தொடையில் ஆழமான வெட்டு, ரத்தம் நிற்கவில்லை. அவரிடம் இருப்பது மோட்டர் சைக்கிள் மட்டும். ஆம்புலன்ஸ் அணைக்கட்டு வரைக்கும் வரும், அதற்கு மேல் ஏறாது. சின்னவரை அங்கே இறக்கிக் கொண்டுவர வேண்டியது நாங்கள்.

அக்கா சின்னக் கியரைப் போட மறக்கவில்லை. ஆனால் கால் மறந்துவிட்டது. அப்படி அழுத்தி அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. மழை விட்டு ஈரமான சிமெண்டில் சக்கரம் வழுக்கியது, பிடித்தது, மறுபடி வழுக்கியது. முதல் வளைவு. மீட்டர் எண்பது. இரண்டாவது வளைவு, முதலில் நிற்க வேண்டிய இடம். அக்கா நிற்கவில்லை.

"அக்கா, இங்க..."

"எவ்ளோ காட்டுது?"

"எண்பத்தி எட்டு."

"அப்ப ஏன் நிக்கணும்?" ஆக்சிலரேட்டர் இன்னும் கீழே போனது. "இன்னிக்கு நிக்க மாட்டேன் தம்பி. மீட்டர் நல்லா இருக்கு. உன் கூலர் புண்ணியம்."

எண்பத்து எட்டோடு, இரண்டு குழாய்க்கும் உள்ள வித்தியாசம் முப்பத்து நான்கைக் கூட்டினேன். கூட்டுவது என் தொழில், அன்றைக்குத்தான் விடை பிடிக்கவில்லை. மடியில் போன் கிடந்தது, ஸ்பீக்கரில். அந்தப் பக்கம் அங்கிள் மலாய் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் சின்னவரின் முனகல். மூன்றாவது வளைவில் தொண்ணூற்று நான்கு. சீனி கருகும் வாடை லேசாக வந்தது. அக்காவுக்கு வராத வாடையா? வந்திருக்கும். ஆனால் வாடைக்கும் மீட்டருக்கும் சண்டை வந்தால் அன்று அவர் மீட்டரின் பக்கம் நிற்க விரும்பினார்.

நான் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தேன். போய்ச் சேர்ந்துவிடலாம், ஒருவேளை. சேராவிட்டால், ஒரு வண்டி மட்டும் போகிற பாதையில் கியர்பாக்ஸ் செத்த வண்டி ஒரு கதவு மாதிரி நிற்கும். மேலே சின்னவர், கீழே ஆம்புலன்ஸ். நடுவில் என் கௌரவம்.

நான்காவது வளைவில் எஞ்சின் இரைந்தது, வண்டி அதற்கேற்ப நகரவில்லை. தொண்ணூற்று ஒன்பது.

"நிறுத்துங்கக்கா."

"பயந்தா கண்ண மூடிக்க."

"மீட்டர் பொய் சொல்லுது. வயர் ஆறின குழாய்ல இருக்கு."

அக்காவின் கண் பாதையை விட்டு அசையவில்லை. "நான் சூடான குழாய்லதான் கட்டுனேன்."

"நான் மாத்திட்டேன்."

"எப்ப?"

"கூலர் போட்ட பெறகு. கூட்டாளிங்க வந்தப்ப... கத்தக் கூடாதுன்னு."

ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எழுந்தது. வளைவு தாண்டி, கொஞ்சம் சமமாக இருந்த இடத்தில் வண்டி நின்றது. நியூட்ரல். ஹேண்ட்பிரேக். நான் குதித்து, கையில் கிடைத்த கல்லைப் பின் சக்கரத்துக்கு அடியில் திணித்தேன். முதல் கல் உருண்டு போய்விட்டது, இரண்டாவதுதான் நின்றது. அக்கா பானெட் திறக்கும் பிடியை இழுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"திரும்பக் கட்டு. விசிறியில கைய குடுத்துடாத."

கட்டினேன். விரல் நுனி சூடான குழாயில் பட்டு ஒட்டி எடுத்தது. கத்தவில்லை. எனக்குப் பதில் மீட்டர் கத்தியது. எட்டிப் பார்த்தேன். நூற்று முப்பத்து ஒன்பது.

"கூலர்ல தண்ணி ஊத்து. கொஞ்சம் கொஞ்சமா." குடிக்கிற தண்ணீர் போத்தலைச் சன்னல் வழியாக நீட்டினார். பிறகு போனில் பேசினார். குரல் சூட்டறையில் கணக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. துணியை எடுத்துப் பார்க்க வேண்டாம், அழுத்தியே பிடியுங்கள், நனைந்தால் மேலேயே இன்னொரு துணி வையுங்கள், படுக்க வையுங்கள், பேசிக்கொண்டே இருங்கள் என்று மலாயில் சொன்னார். கடைசியில் மட்டும் தமிழில், "சின்னவனே, அக்கா வந்துட்டே இருக்கேன் டா" என்றார். வண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

நூற்று முப்பத்து இரண்டு. நூற்று இருபத்து ஏழு. ஒரு எண் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன். போத்தல் தீர்ந்ததும் பிளாஸ்கை எடுத்து, ஆறின தேநீரையும் ஊற்றினேன். மலை முழுக்கத் தேயிலை வாசம். அதில்கூட ஒரு ஜோக் இருந்தது. என் வாயில் வரவில்லை.

"அக்கா, போயிருவோமா? இப்ப சத்தம் நல்லாத்தான்..."

"நூத்திப் பத்து" என்றார். அவ்வளவுதான்.

நூற்றுப் பதினெட்டில் இருக்கும்போது இடது கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டினார். சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. அந்த ஸ்பூன் அளவுத் தழும்பு.

"இதுவும் ஒருத்தன் வயர மாத்தி வெச்சதுதான்" என்றார். "அலாரம் தொல்லையா இருந்துச்சாம்."

திட்டியிருக்கலாம். செருப்பு இருந்திருந்தால் அதைக் கழற்றியிருக்கலாம். கையை உள்ளே இழுத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தார். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. நூற்றுப் பத்து. "கல்ல எடு."

மிச்ச மூன்று வளைவையும் நடப்பவன் முந்திவிடும் வேகத்தில் ஏறினார். எனக்கு இறங்கித் தள்ள வேண்டும் போல இருந்தது. ஒரு தடவைகூடக் கால் அழுந்தவில்லை.

சின்னவர் பொண்டோக் வாசலில் சாக்கின் மேல் படுத்திருந்தார், உதடு வெளுத்து. அங்கிள் இரண்டு கையாலும் தொடையை அழுத்திப் பிடித்திருந்தார். அவருடைய கை முழங்கை வரை சிவப்பு. அக்காவும் நானும் தூக்கி ஏற்றினோம். அங்கிள் கையை எடுக்காமலே பின்னால் ஏறிக்கொண்டார். அக்கா போய்த் தம்பியின் நெற்றியில் புறங்கையை வைத்தார். இரண்டு விநாடி வைப்பவர், அன்று வைத்த கையைச் சீக்கிரத்தில் எடுக்கவில்லை. சில்லென்று இருந்திருக்கும்.

"லேட்டு க்கா" என்றார் சின்னவர், கண்ணைத் திறக்காமலே.

"ஆமா டா" என்றார் அக்கா. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

இறக்கத்தில் எல்லில் போட்டு எஞ்சின் பிடியிலேயே இறக்கினார். அணைக்கட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் சாயங்காலம்தான் மருத்துவர் வெளியே வந்து, கால் தப்பித்தது என்றார். உயிரைப் பற்றித் தனியாகச் சொல்லவில்லை. அதை நாங்கள் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த வாரமே கியர்பாக்ஸ் எண்ணெயை இறக்கினேன். சிவப்பாக இருக்க வேண்டியது, அடிப்பிடித்த காப்பி மாதிரி வந்தது. மெக்கானிக் விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னும் ஒரு வளைவு ஏறியிருந்தீங்கன்னா அண்ணே, நீங்க காடிய இங்க கொண்டாந்திருக்க மாட்டீங்க."

வார ஏற்பாடு தொடர்ந்தது, பழமும் வந்தது. ஒன்று மட்டும் மாறியது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்துவார். இறங்கி பானெட்டைத் திறப்பார். இரண்டு குழாயையும் புறங்கையால் தொடுவார், வயரை நுனி வரை விரலால் தடவுவார், மூடுவார், வந்து உட்காருவார். ஒவ்வொரு தடவையும். நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் மரங்களை எண்ணிக்கொண்டிருப்பேன். யாரும் என்னை அதைவிட மரியாதையாகத் தண்டித்ததில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம்.

சின்னவருக்குக் கால் தேறியது, ஆனால் சரிவில் நிற்க முடியவில்லை. குத்தகையை விட்டுவிட்டு இருவரும் ஜொகூரில் அக்காவின் மகள் வீட்டுப் பக்கம் போவதாக முடிவானது. கடைசியாகச் சாமான்களை இறக்க ஒரு ஞாயிறு போனோம். அடிவாரத்தில் அக்கா வண்டியை நிறுத்தினார். நான் மரங்களை எண்ணத் தயாரானேன். அவர் இறங்கவில்லை.

"பாக்கலியாக்கா?"

"நீ பாத்தியா?"

"பாத்தேன். காலையிலயே. சூடான குழாய்தான்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு ஜோக் வந்தது, விழுங்கினேன். அவருடைய கை எழுந்து வந்து, விரல்கள் மடங்கி, என் நெற்றியில் பட்டும் படாமலும் நின்றது. ஒன்று. இரண்டு.

கையை எடுத்து லீவரில் வைத்தார். எல்லில் போட்டார். ஏறினோம்.